நன்கொடை நின்றாலும் பிள்ளையின் படிப்பு நிற்கக் கூடாது

தாம்பரம்: மாதம் 38 டாலர். அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ ஒருவர் அனுப்பிய இந்தத் தொகையில், நம் ஊர்ச் சேரிப் பிள்ளைக்கு மாலை நேரப் பாடம், சத்துணவு, மருத்துவம், நோட்டுப் புத்தகம் கிடைத்தன. பணம் தந்தவருக்குப் பிள்ளையின் படம் போகும். பிள்ளை கடிதம் எழுதும். 1968 முதல் இந்தியாவில் இப்படிப் பணியாற்றிய கம்பாஷன் இன்டர்நேஷனல், 2017 மார்ச்சில் இங்கே தன் வேலையை முடித்துக்கொண்டது. அதன் பணத்தைப் பெற்று நடத்திய முக்கிய அமைப்புகளில் ஒன்று சென்னையைச் சேர்ந்தது. முன் அனுமதி இல்லாமல் வெளிநாட்டுப் பணம் பெறக் கூடாது என்று 2016இல் மத்திய அரசு விதித்த கட்டுப்பாடுதான் காரணம். மதமாற்றம் நடக்கிறது என்றது அரசுத் தரப்பு. நிறுவனம் மறுத்தது. இந்த வழக்காடலுக்கு நடுவே, நாடு முழுவதும் சுமார் 1.45 லட்சம் பிள்ளைகளுக்குக் கிடைத்துவந்த உதவி நின்றது.

யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு குழந்தையின் சோறும் படிப்பும் வேறொருவரின் மனதை நம்பியிருந்தால், அது எந்த நாளும் அறுந்துபோகலாம் என்பதே நாம் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம்.

தருமத்தைக் குறைத்துப் பேசவில்லை. அன்று ‘பஞ்சமர்’ என்று ஒதுக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்காக 1894இல் அடையாறு பகுதியில் இலவசப் பள்ளி தொடங்கியவர் கர்னல் ஆல்காட். அரசும் ஊரும் கதவை மூடியிருந்த காலத்தில், நன்கொடையால் நடந்த அந்தப் பள்ளி வழி திறந்தது. ஆனால் தருமம் கதவைத் திறக்கலாம். அது மூடாமல் பார்த்துக்கொள்ள உரிமை வேண்டும். பள்ளி மதிய உணவு 1956இல் காமராஜர் காலத்தில் மாநிலம் முழுக்கப் பரவி, 1982இல் சத்துணவுத் திட்டமாக விரிந்தது. இன்று எந்தப் பிள்ளையும் அந்தச் சோற்றுக்காக யாருக்கும் நன்றிக் கடிதம் எழுதுவதில்லை.

அதேபோல, மாதாந்திர நிதி ஆதரவும் இன்று சட்டத்தில் இருக்கிறது. 2015 இளைஞர் நீதிச் சட்டத்தின் 45ஆவது பிரிவு இதைச் சொல்கிறது. ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தின் கீழ் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். கணவரை இழந்த, கைவிடப்பட்ட தாயின் பிள்ளைகள், பெற்றோரை இழந்து உறவினர் வீட்டில் வளர்பவர்கள், பெற்றோர் கொடிய நோயிலோ பிழைக்க இயலாத நிலையிலோ இருப்பவர்கள் 18 வயது வரை பெறலாம். சாதியோ மதமோ கேட்கப்படுவதில்லை. கிறிஸ்தவம் தழுவியதால் பட்டியல் சாதிச் சான்று இல்லாத நம் குடும்பங்களும் இதைக் கவனிக்க வேண்டும். இதைத் தவிர, பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைகளுக்கும் மாதம் 2,000 ரூபாய் தரும் ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தை மாநில அரசு 2025 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது.

சிக்கல் எங்கே? முதலாவது, வருமான வரம்பு. மிஷன் வாத்சல்யாவில் நகரத்துக்கு ஆண்டுக்கு 96,000 ரூபாய், கிராமத்துக்கு 72,000 ரூபாய். தாம்பரம் மாநகராட்சிக்குள் குடியிருக்கும் அம்மாவும், அதை ஒட்டிய ஊராட்சியில் குடியிருக்கும் அம்மாவும் ஒரே பஸ் ஏறி ஒரே அடுக்குமாடியில் வீட்டு வேலை செய்கிறார்கள். மாதம் 7,000 ரூபாய் சம்பாதித்தால் ஒருவருக்குத் தகுதி உண்டு, இன்னொருவருக்கு இல்லை. கடைச் சாமானின் விலை இருவருக்கும் ஒன்றுதான். இந்த வேறுபாட்டை அரசு மாற்ற வேண்டும்.

இரண்டாவது, காகிதம். கணவர் இறந்ததற்குச் சான்று வேண்டும். வேலைக்குப் போன ஊரில் இறந்தவருக்குப் பலர் பதிவே செய்வதில்லை. 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணம் கிடையாது, தள்ளிப்போனால் அலைச்சல்தான். விட்டுப் போன கணவருக்கோ எந்தக் காகிதமும் இல்லை. நகரத்திலிருந்து பெரும்பாக்கம், செம்மஞ்சேரிக்குப் பெயர்த்துக் குடியமர்த்தப்பட்டவர்களில் ஆதார் ஒரு முகவரியிலும் ரேஷன் கார்டு இன்னொரு முகவரியிலும் இருந்தால், மனு அங்கேயே நின்றுவிடும்.

என்ன செய்யலாம்? ஆதார், ரேஷன் கார்டு, வருமானச் சான்று, இறப்புச் சான்று, பள்ளிப் படிப்புச் சான்று, வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றை ஒரே பையில் வையுங்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் மனுக் கொடுத்து, பெற்றதற்கான ரசீது வாங்குங்கள். தாம்பரம் பகுதியினர் செங்கல்பட்டு மாவட்ட அலகை அணுக வேண்டும். வழி தெரியாதவர்கள் 1098க்கு இலவசமாகப் பேசலாம். ஒருமுறை கொடுத்துவிட்டு விட்டுவிடாமல், தொடர்ந்து கேளுங்கள்.

கல்லூரியில் படிக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தெருவில் தகப்பன் இல்லாத பிள்ளை யார் என்று உங்களுக்குத் தெரியும். பிறந்தநாளுக்கு அந்தப் பிள்ளைக்கு நோட்டு வாங்கிக் கொடுப்பது நல்லது. அந்த அம்மாவோடு ஒருநாள் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுத்தால், 18 வயது வரை மாதாமாதம் நோட்டு வாங்க அந்த வீட்டிலேயே பணம் இருக்கும்.