இரண்டாவது கீப்பர் எதற்கு?

அமெரிக்கக் கால்பந்தில் குவார்ட்டர்பேக்னு ஒரு இடம் உண்டு. ஆட்டத்தை நடத்துகிற ஆள். களத்தில் ஒருவர்தான் அந்த இடத்தில் நிற்க முடியும். அவருக்கு மாற்றாக யாரை வைத்துக்கொள்வது என்று அங்கே வருஷா வருஷம் விவாதம் நடக்கும். நம்ம கிரிக்கெட்டில் இதற்கு நேரான இடம் விக்கெட் கீப்பர். ஒரு பவுலருக்கு அடிபட்டால் மற்றவர்கள் ஓவரைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். கீப்பிங்கைப் பங்கு போட முடியாது.

வழக்கமாக எல்லோரும் கேட்கும் கேள்வி, "இரண்டாவது நல்ல கீப்பர் யார்?" என்பது. என் பார்வையில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "அவர் எந்தத் தேவைக்கு?" என்பதுதான். தேவைகள் மூன்று. மூன்றுக்கும் ஒரே ஆள் பொருந்துவது அபூர்வம்.

முதல் தேவை, ஆட்டத்தின் நடுவில் கீப்பருக்கு அடிபடுவது. முன்பெல்லாம் மாற்று ஆட்டக்காரர் கீப்பிங் செய்ய விதி இடம் தரவில்லை. 1986-ல் லார்ட்ஸில் இங்கிலாந்தின் புரூஸ் ஃபிரெஞ்சுக்கு அடிபட்டபோது, நியூசிலாந்து கேப்டன் ஜெரமி கோனி சம்மதித்ததால்தான், ஏற்கெனவே ஓய்வு பெற்றிருந்த பாப் டெய்லர் இறங்கிக் கீப்பிங் செய்ய முடிந்தது. 2017 விதித்தொகுப்பு வந்தபின் நடுவர் ஒப்புக்கொண்டால் போதும். 2021 கான்பூர் டெஸ்டில் சாஹாவுக்குக் கழுத்துப் பிடித்துக்கொள்ள, கே.எஸ். பரத் இறங்கினார். 95-ல் இருந்த டாம் லேதமை ஸ்டம்பிங் செய்தார். ஆனால் பேட்டிங் செய்தது சாஹாதான், ஆட்டமிழக்காமல் 61. ஆக, இந்தத் தேவைக்கு பேட்டிங் கணக்கிலேயே வராது. சுத்தமான கை போதும்.

இரண்டாவது, ஓரிரு ஆட்டங்களுக்கு இடத்தை நிரப்புவது. 2016-ல் சாஹாவுக்குக் காயம் என்றதும், எட்டு வருஷம் டெஸ்டே ஆடாத பார்த்திவ் படேலைக் கூப்பிட்டார்கள். மொஹாலியில் கீப்பிங்கோடு தொடக்க ஆட்டக்காரராகவும் இறங்கி 42, ஆட்டமிழக்காமல் 67 எடுத்தார். இங்கே வேண்டியது அனுபவம். வந்த அன்றே, அணியின் மற்ற ஏற்பாடுகளைக் கலைக்காமல் ஆடத் தெரிய வேண்டும்.

மூன்றாவது, வாரிசு. இன்றைக்குக் கொஞ்சம் தடுமாறினாலும் பரவாயில்லை, நாலு வருஷம் கழித்து இடத்தைப் பிடிப்பவர் வேண்டும். இதற்குச் சின்னப் பையனைத்தான் எடுக்கணும், ஆடவும் விடணும். பெஞ்சிலேயே வைத்திருந்தால் வாரிசு உருவாகாது.

உட்கார்ந்திருப்பவர் கொடுக்கும் விலை தமிழ்நாட்டுக்காரர்களுக்கு நன்றாகத் தெரியும். கிர்மானி காலத்து பரத் ரெட்டிக்குக் கிடைத்தவை 4 டெஸ்ட், எல்லாம் 1979 இங்கிலாந்துப் பயணத்தில். ஜெகதீசனை 2018-ல் சென்னை சூப்பர் கிங்ஸ் எடுத்தது. தோனி நிற்கும் அணியில் முதல் ஆட்டத்துக்கு 2020 வரை காத்திருந்தார். தினேஷ் கார்த்திக் தோனிக்கு முன்பே 2004-ல் டெஸ்டுக்கு வந்துவிட்டார். ஆனால் 2010-க்கும் 2018-க்கும் இடையே இந்தியா ஆடிய 87 டெஸ்டுகளில் அவர் இல்லை.

கார்த்திக் கண்டுபிடித்த வழி, கீப்பிங்கை மட்டும் நம்பி உட்காராமல் இருந்தது. 2007 இங்கிலாந்து டெஸ்ட் தொடரில் கீப்பர் தோனி, தொடக்க ஆட்டக்காரர் கார்த்திக். 263 ரன்களோடு இந்திய அணியில் அதிகம் எடுத்தவர் அவர்தான். காத்திருப்பவருக்கு வேறு ஒரு வேலை இருந்தால் காத்திருப்பு வீணாகாது.

ஸ்ரீரங்கத்துக்காரர்களுக்கு இது புதுசு இல்லை. படையெடுப்புக் காலத்தில் நம்பெருமாள் ஊரைவிட்டுப் போயிருந்தபோது வேறொரு மூர்த்தியை வைத்துப் பூஜை நடந்ததாகக் கோயில் வரலாறு சொல்கிறது. நம்பெருமாள் திரும்பிய பிறகும் அவரை ஒதுக்கவில்லை. திருவரங்க மாளிகையார் என்ற பெயரோடு இன்றும் கோயிலில் இருக்கிறார்.

இதையெல்லாம் தேடியதற்குக் காரணம், திருச்சியில் லீக் ஆடும் ஒரு சின்ன கிளப். எனக்குத் தெரிந்தவர் அதை நடத்துகிறார். இரண்டாவது கீப்பர் இடத்துக்கு இரண்டு பேர்: நன்றாக பேட் செய்யும் 17 வயசுப் பையன், கைசுத்தமான 36 வயசு வங்கி ஊழியர். "யார் சார் பெட்டர்?"னு கேட்டார்.

அவருடைய முதல் கீப்பருக்கு இன்னும் பல வருஷம் ஆட்டம் இருக்கு. வாரிசுத் தேவை இப்போ இல்லை. அதனால் மாற்றுக் கீப்பராகப் பெரியவரை வைத்துக்கொள்ளுங்க, பையனை பேட்ஸ்மேனா ஆட விடுங்க, கீப்பிங் பயிற்சி நிக்க வேண்டாம்னு சொன்னேன். கூடவே ஒன்று: சீசன் ஆரம்பிக்கும் முன்னாடியே, எத்தனை ஆட்டம் நிச்சயம்னு இரண்டு பேரிடமும் சொல்லிடணும். பெரியவருக்கு ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அதைத் தெரிந்துகொண்டு அவர் சரி சொல்வது வேறு, தெரியாமல் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கிட் பையோடு வந்து நிற்பது வேறு.