அமுக்கமுறையும் வீட்டு வைத்தியமும்: ஒரு குறிப்பு

சிறு நோய்களுக்கு வீட்டிலேயே கையாளத்தக்க மரபு வைத்தியங்கள் பற்றி நம்மிடையே இரு நிலைப்பாடுகள் நிலவுகின்றன. ஒரு சாரார் அவற்றை மூடநம்பிக்கையென ஒதுக்குவர். மற்றொரு சாரார் பழைமையையே சான்றாகக் கொள்வர். சீன மரபிலிருந்து வந்த அக்குபிறஷர் எனும் அமுக்கமுறையை நோக்குமிடத்து இவ்விரண்டும் போதாதவை என்பது புலனாகும்.

ஊசிக்குப் பதிலாக விரலைப் பயன்படுத்துவதே இம்முறை. ஓங்காளத்துக்கும் சத்திக்கும் உரிய புள்ளி ‘நெய்குவான்’ எனப்படும். உள்ளங்கைப் பக்கமாக, மணிக்கட்டு மடிப்பிலிருந்து மூன்று விரற்கடை மேலே, இரு தசைநாண்களுக்கு நடுவே அது அமைந்துள்ளது. பெருவிரலால் இரண்டு மூன்று நிமிடம் உறுதியாக, ஆனால் கடுமையாக நோகாதவாறு, அமுக்குதல் வேண்டும். பின்னர் மற்றக் கையிலும் அவ்வாறே. இங்கு அளவுகோல் நோயாளியின் சொந்த விரல்களே. குழந்தையின் கையைக் குழந்தையின் விரலாலேயே அளக்க வேண்டும். (நமது வர்ம நூல்களும் விரற்கடையாலேயே அளப்பன.) தலையிடி, பல்வலி என்பவற்றுக்குப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடைப்பட்ட தசையிலுள்ள ‘ஹெகு’ பயன்படும். கர்ப்பிணிகளுக்கு இப்புள்ளியை அமுக்கலாகாதென மரபே விலக்கியுள்ளது.

இவை பயன் தருவனவா? நெய்குவான் குறித்து ஓரளவு திடமாகப் பேசலாம். சத்திரசிகிச்சைக்குப் பிந்திய ஓங்காளம், சத்தி பற்றிய 59 பரிசோதனைகளைத் தொகுத்த 2015ஆம் ஆண்டின் கொக்கிறேன் மீளாய்வு, ஊசி, மின்தூண்டல், அமுக்கம் முதலிய வழிகளில் இப்புள்ளியைத் தூண்டுதல் போலிச் சிகிச்சையைவிடப் பயனுடையதெனக் கண்டது. சான்றின் தரம் தாழ்ந்ததென்பதையும் அதுவே ஒப்புக்கொண்டது. ‘சி’ எனும் உயிர்விசை ஓடுவதாகக் கூறப்படும் நாளங்களோ உடற்கூற்றியலிற் காணப்பட்டவையல்ல. அவ்விளக்கம் பழைய சமூகத்தின் உலகநோக்குக்குரியது. அனுபவத்தை அதனின்றும் பிரித்தெடுத்துச் சோதிப்பதே நாம் செய்யக்கூடியது.

நெஞ்சுநோ, திடீரென எழும் கடுந்தலையிடி, காய்ச்சலுடன் கூடிய ஓயாத சத்தி ஆகியவற்றில் விரலை நம்பியிருத்தல் ஆபத்தாகும். உடனே வைத்தியசாலையை நாட வேண்டும். ஆனால் நாடுவதற்கு வைத்தியசாலை ஒன்று இருத்தல் வேண்டுமே! வீட்டு வைத்தியத்தைப் புகழ்வோர் பலர் இவ்விடத்தில் மௌனம் சாதிப்பர். சீன அனுபவம் இதனைத் தெளிவாக்கும். சுகாதார அமைச்சு நகரத்தவருக்கே சேவை செய்கின்றதென 1965 யூன் 26இல் மாஓ சேதுங் கண்டித்ததன் பின்னர், கிராமங்களில் ‘வெறுங்கால் வைத்தியர்’ பெருகினர். விவசாயிகளாகவே இருந்துகொண்டு குறுகிய காலப் பயிற்சி பெற்ற இவர்கள் ஊசி, மூலிகை ஆகியவற்றுடன் தடுப்பூசியையும் நவீன மருந்துகளையும் கையாண்டனர். தம்மால் இயலாத நோயாளியை மேல்நிலை வைத்தியசாலைக்கு அனுப்பினர். மரபுமுறை அங்கு வைத்தியசாலைக்கு மாற்றாக அன்றி, அதன் முதற்படியாக இயங்கியது. கூட்டுப்பண்ணைகள் கலைக்கப்பட்ட 1980களில், அவற்றின் நிதியில் தங்கியிருந்த கூட்டுறவு வைத்தியத் திட்டமும் பெரும்பாலான கிராமங்களிற் சிதைந்தது. கிராமத்து நோயாளி சிகிச்சைச் செலவைத் தன் கையிலிருந்தே கொடுக்க நேர்ந்தது. 1985இல் ‘வெறுங்கால் வைத்தியர்’ என்ற பெயரும் கைவிடப்பட்டது.