வீட்டினுள் இணைய வடம்

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீடுகளில் இன்று மாலைப் பொழுது பெரும்பாலும் ஒரு திரையின் முன் கழிகிறது. கோணேசர் ஆலயத் திருவிழாவின் நேரடி ஒளிபரப்பு, பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையின் பாடம், கடல் கடந்து வாழும் மகனின் முகம் ஆகிய யாவும் இணையத்தின் வழியே வந்து சேர்கின்றன. படம் இடையிடையே நின்றுவிட்டால், வேகம் போதாதென்று எண்ணி மாதக் கட்டணத்தை உயர்த்திக்கொள்வோர் பலர். ஆயின், குறை வெளியே உள்ளதா, வீட்டுக்குள் உள்ளதா என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மடிக்கணினி ஒன்றை ரௌட்டருடன் வடத்தால் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். உயர்தெளிவுப் படம் ஒன்றுக்கு நொடிக்கு ஏறத்தாழ 5 மெகாபிட்டும், 4கே படத்துக்கு 15 முதல் 25 மெகாபிட்டும் போதும். அவ்வளவும் அங்கே கிடைத்து, உள்ளறையில் மட்டும் படம் நிற்குமாயின், குறை நம் சுவர்களுக்குள்ளேயே இருக்கிறது.

ஜெர்மனியின் டாய்ச்செ வெல்லெ நிறுவனம் 1980களில் திருகோணமலைக்கு அருகே நிறுவிய மறு ஒலிபரப்பு நிலையத்திலிருந்து சென்ற சிற்றலைகள் கடல்களையே கடந்தன. வைஃபை அலையோ ஒரு கற்சுவரைக் கடக்கத் தடுமாறுவது ஏன்? சிற்றலை பத்து மீற்றருக்கு மேற்பட்ட நீளமுடையது. பெருவலுவுடன் அனுப்பப்பட்டு, வானத்து மின்னேற்றப் படையில் பட்டுத் திரும்பித் தூர நாடுகளை அடைவது. வைஃபை அலையின் நீளம் சுமார் 12 அல்லது 6 சென்ரிமீற்றர். அதன் வலுவும் மிகச் சிறிது. தடித்த சுவர் அதனை விழுங்கிவிடும். அன்றியும், ஒரே அலைவழியை நம் வீட்டுக் கருவிகளும் அயல்வீட்டுக் கருவிகளும் முறைவைத்துப் பகிர வேண்டியுள்ளது.

வடத்துக்கு இத்தொல்லைகள் இல்லை. அதனுள் எட்டுச் செப்புக் கம்பிகள் நான்கு சோடிகளாக முறுக்கப்பட்டுள்ளன. வெளியிலிருந்து வரும் மின்னிரைச்சல் சோடியின் இரு கம்பிகளையும் ஏறக்குறைய சமமாகவே தாக்கும். கருவி அவ்விரண்டுக்கும் இடையிலான வேறுபாட்டையே வாசிப்பதால், இரைச்சல் கழிந்துபோகிறது. கேட்-5ஈ வகை வடம் 100 மீற்றர் வரை நொடிக்கு 1 கிகாபிட் கொண்டுசெல்லும்.

ரௌட்டரிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனி வடம் இழுப்பது நன்று. துளைகள் போதாவிடின் சுவிட்ச் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளலாம். மின்சார வயருடன் ஒட்டாது ஒரு சாண் விலகிச் செல்க. குறுக்கிட நேர்ந்தால் செங்கோணமாகக் கடக்க. முனையில் முறுக்கை அரை அங்குலத்துக்கு மேல் பிரிக்கலாகாது. இரு முனைகளிலும் நிற வரிசை ஒன்றாயிருத்தல் வேண்டும்.

நேயர்களே, கடற்கரையில் வாழ்வோர் மேலும் இரண்டைக் கவனிக்க வேண்டும். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவான வடம் எளிதில் முறிவது. உப்புக்காற்றில் விரைவில் கெடுவது. கம்பியைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளை தெரியும், அதனைத் தவிர்க்க. அடுத்து, வாடைமழைக் காலத்து இடிமின்னல். வளவிலுள்ள வேறொரு கட்டடத்துக்குச் செப்பு வடத்தை வெளியே இழுத்தால், மின்னலின் அதிர்ச்சி அதன் வழியே கருவிகளைச் சிதைக்கலாம். அங்கே உலோகம் கலவாத ஒளியிழை வடமே தக்கது.

ஓரிடத்தில் நிற்கும் தொலைக்காட்சிக்கு வடத்தைக் கொடுங்கள். கையோடு திரியும் தொலைபேசிக்கு அலையை விடுங்கள். கூட்டம் குறைந்த அலைவழியில் தொலைபேசியும் செவ்வனே இயங்கும். ஒருமுறை வாங்கும் வடத்தின் செலவு, மாதந்தோறும் வீணே கூட்டிக் கட்டும் பணத்திலும் குறைவாகவே முடியும்.