சந்தைக்குப் போகாத காளான்

மழை பெய்து ஓய்ந்ததும் உக்கிய மரங்களில் காளான் முளைக்கிறது. காசு கொடுக்காமல் கிடைத்த கறி என்று நாம் மகிழ்ந்து பிடுங்குகிறோம். பிடுங்குமுன், சீனாவின் தென்மேற்கிலுள்ள யுன்னான் மாகாணத்து விவசாயக் குடும்பங்களுக்கு நேர்ந்ததைச் சற்றுச் சிந்திப்போம்.

1970களின் பிற்பகுதி தொடக்கம் அங்குள்ள மலைக்கிராமங்களில், யூன் முதல் ஓகஸ்ட் வரையான மழைக்காலத்தில், நல்ல சுகத்தோடிருந்தவர்கள் திடீரென இறந்தார்கள். சிலருக்கு இறுதி மணித்தியாலங்களில் குமட்டல், தலைச்சுற்று, நெஞ்சுப் படபடப்பு, வலிப்பு என்பன ஏற்பட்டன. ஒரே வீட்டில் அடுத்தடுத்துச் சாவு விழுந்ததும் உண்டு. முப்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 400 பேர் மாண்டனர். காரணம் எவருக்கும் விளங்கவில்லை.

2005ஆம் ஆண்டில் சீனாவின் நோய்த்தடுப்பு நிலைய ஆய்வாளர்கள் இக்கிராமங்களுக்குச் சென்றார்கள். வீடு வீடாக அமர்ந்து, இறந்தவர்கள் என்ன உண்டார்கள், என்ன குடித்தார்கள் என்று பொறுமையோடு கேட்டார்கள். ஈற்றில், உக்கிய மரத்தில் வளரும் சிறிய வெண்ணிறக் காளான் ஒன்றின் மீது சந்தேகம் விழுந்தது.

அதை ஏன் உண்டார்கள்? அவர்கள் காளான் விற்றுப் பிழைப்பவர்கள். விலைபோகும் காளான்கள் சந்தைக்குப் போயின. இதுவோ சிறியது, பிடுங்கியதும் விரைவில் பழுப்பாகிவிடும், வாங்க ஆளில்லை. ஆகவே வீட்டு அடுப்புக்கு வந்தது. நல்லதை விற்று, மிஞ்சியதை உண்ணும் ஏழை வீட்டு வழக்கமே அவர்களுக்கு எமனாயிற்று.

அதை உண்ண வேண்டாமென்று கிராமம் கிராமமாக எச்சரித்த பின்னர் சாவுகள் பெரிதும் குறைந்தன. 2012இல்தான் அது அறிவியலுக்குப் புதிய இனமென்று விபரிக்கப்பட்டு, 'ட்ரோகியா வெனெனாட்டா' எனப் பெயர் பெற்றது. அதிலுள்ள நச்சு அமினோ அமிலங்களும் கண்டறியப்பட்டன.

நாம் கற்கவேண்டியது என்ன? நஞ்சுக்காளான் பயங்கரத் தோற்றத்தோடு வருவதில்லை. வெள்ளிக்காசு கறுக்கவில்லை, பூச்சி தின்றிருக்கிறது, நன்றாக அவித்தோம் என்பவையெல்லாம் பாதுகாப்பாகா. ஐயமறத் தெரியாத காளானை உண்ணாதீர்கள். புதிய இடத்தில் வாழ்பவர்கள் இதில் இருமடங்கு கவனமாயிருக்க வேண்டும்; ஊரில் உண்ட காளானைப் போலவே வேறொன்று இங்கு முளைக்கலாம். உண்டபின் எவருக்காவது சுகமில்லையெனில், எஞ்சிய காளானையும் எடுத்துக்கொண்டு உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். கூட உண்டவர்களையும் அழைத்துச் செல்லுங்கள்.

ஒரு வேளைக் கறியை இழக்கலாம். வீட்டில் ஓர் உயிரை இழக்கலாகாது.