மேசைமேல் ஒரு கணினி வலை

பூதிகோட்டை என்றதும், ஹைதர் அலி பிறந்த ஊர் என்று வரலாறு படித்தோர் கூறுவர். கோலார் மாவட்டத்தில் பங்காருப்பேட்டைக்கு அண்மையில் உள்ள அச்சிற்றூருக்கு வேறொரு சிறப்பும் உண்டு. இந்நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கே ‘நம்ம த்வனி’, அதாவது ‘நம் குரல்’, என்னும் சமுதாய ஒலிபரப்பு நிலையம் தோன்றிற்று. மைராடா, வாய்சஸ் என்னும் தொண்டு நிறுவனங்கள் யுனெஸ்கோவின் துணையுடன் அதனை அமைத்தன. வானலைகள் பொதுச் சொத்து என உச்ச நீதிமன்றம் 1995-ஆம் ஆண்டிலேயே கூறியிருந்தும், தொண்டு நிறுவனங்கள் வானொலி நடத்த அரசு இசைவு தந்தது 2006-இல்தான். அதுவரை காத்திராமல், அவ்வூரார் கம்பி வழியாகவே தங்கள் நிகழ்ச்சிகளை வீடுகளுக்கு அனுப்பினர்.

அக்கம்பி செய்த பணியும், இன்று கணினிகளை இணைக்கும் கம்பி செய்யும் பணியும் ஒன்றா? இல்லை. ஒலிபரப்பு என்பது ஊர்ச் சாவடியில் தண்டோரா போடுவதைப் போன்றது. ஒருவர் சொல்ல, எல்லாரும் கேட்பர். பெயரும் முகவரியும் வேண்டுவதில்லை. கணினி வலையமைப்போ அஞ்சலைப் போன்றது. ஒவ்வொரு செய்தியும் சிறுசிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு பொதியின்மீதும் அனுப்புவோர் முகவரியும் பெறுவோர் முகவரியும் பொறிக்கப்பட்டு, உரிய இடத்திற்குச் செல்கிறது. இவ்வேறுபாட்டை உணர்ந்தவர் வலையமைப்புக் கல்வியின் முதற்படியைக் கடந்தவர் ஆவார்.

இக்கல்வி தங்கவயல் தமிழருக்கு வெறும் பொழுதுபோக்கன்று. 1880-களில் தொடங்கி, தமிழகத்திலிருந்து சென்ற குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அச்சுரங்கங்களில் உழைத்தன. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. அதன்பின், ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலுள்ள பெங்களூருக்கு நாள்தோறும் ரயிலேறிச் சென்று பிழைப்போர் பல்லாயிரவர். அந்நகரின் அலுவலகங்கள், மருத்துவமனைகள், வங்கிகள் யாவும் கணினி வலையமைப்பை நம்பியே இயங்குகின்றன. அவற்றைப் பேணும் வேலைக்குச் செல்ல விரும்பும் இளைஞர் எங்கே பழகுவது? இயங்கிக்கொண்டிருக்கும் வங்கியின் கருவியில் கைவைத்துப் பழக யார் இடங்கொடுப்பர்? கருவிகளை விலைக்கு வாங்கவோ, எளிய குடும்பத்தின் வருவாய் போதாது.

இவ்விடர்ப்பாட்டை நீக்கவே பாவனை மென்பொருள்கள் தோன்றின. உண்மைக் கருவிகளின் நடத்தையைக் கணினித் திரையில் உருவாக்கிக் காட்டுவது இவற்றின் பணி. சிஸ்கோ நிறுவனம் 1997-இல் தொடங்கிய வலையமைப்புக் கல்விக்கழகம் ‘பாக்கெட் டிரேசர்’ என்னும் மென்பொருளைப் பதிவு செய்துகொள்வோருக்கு விலையின்றி வழங்குகிறது. ‘என்.எஸ்.-3’ ஆராய்ச்சியாளருக்கு உரியது, அதுவும் இலவசமே. ‘நெட்சிம்’ என்பது பெங்களூரிலேயே உருவானது. தொடக்கநிலை மாணவருக்குப் பாக்கெட் டிரேசர் ஏற்றது.

இனி, ஒரு பயிற்சியைச் செய்து பார்ப்போம். திரையின் இடப்பக்கத்தில் இரு கணினிகளை வையுங்கள்; அவை பூதிகோட்டையில் இருப்பதாகக் கொள்வோம். அவற்றை ஒரு ஸ்விட்ச்சுடன் இணையுங்கள். இணைப்பின் ஸ்விட்ச் முனையில் செம்மஞ்சள் நிறம் தோன்றும். ஏறத்தாழ அரை நிமிடம் கழித்தே பச்சையாகும். இது பழுதன்று. செய்திகள் வட்டமிட்டுச் சுழலும் சுற்றுப்பாதை எங்கேனும் உண்டோ என்று ஸ்விட்ச் ஆராயும் நேரம் அது.

அடுத்து முகவரி இடவேண்டும். முதற்கணினிக்கு 192.168.1.10, இரண்டாவதற்கு 192.168.1.11 என்று கொடுங்கள். இரண்டிற்கும் 255.255.255.0 என்னும் மறைப்பெண் தேவை. முகவரியின் முதல் மூன்று பகுதிகள் தெருவையும், இறுதிப் பகுதி வீட்டு எண்ணையும் குறிக்கும் என்பதே அதன் பொருள். இத்தெருவில் 254 வீடுகள் இருக்கலாம். இப்போது ஒரு கணினியிலிருந்து மற்றதற்குப் ‘பிங்’ என்னும் சோதனைச் செய்தி அனுப்பினால், நான்கு விடைகள் வந்து சேரும்.

இனி வலப்பக்கத்தில் பெங்களூர் அலுவலகத்தை அமைப்போம். அங்குள்ள கணினிக்கு 192.168.2.10 என்பது முகவரி. தெரு வேறாகிவிட்டமையால் ஸ்விட்ச் மட்டும் போதாது. இரு தெருக்களையும் இணைக்கும் ரௌட்டர் வேண்டும். மாரிக்குப்பத்தில் ஏறியவர் பங்காருப்பேட்டைச் சந்திப்பை அடைந்தே சென்னை–பெங்களூர்ப் பெரும்பாதைக்கு வரமுடியும் அல்லவா? ரௌட்டர் அத்தகைய சந்திப்பு. அதன் ஒரு வாயிலுக்கு 192.168.1.1 என்றும், மறு வாயிலுக்கு 192.168.2.1 என்றும் முகவரி கொடுக்கிறோம்.

கொடுத்த பின்னும் இணைப்பு சிவப்பாகவே இருக்கும். சிஸ்கோ ரௌட்டரின் வாயில்கள் இயல்பாகவே மூடியிருக்கும். ‘நோ ஷட்டவுன்’ என்னும் கட்டளையால் ஒவ்வொன்றையும் திறக்கவேண்டும். ஒவ்வொரு கணினிக்கும் ‘வெளியூர்ச் செய்தியை இந்த வாயிலில் கொடு’ என்று ரௌட்டரின் முகவரியையும் சொல்லி வைக்கவேண்டும்.

இவை முடிந்தபின் பெங்களூருக்குப் பிங் அனுப்பினால், நான்கில் முதலாவதற்கு விடை வராமற் போவதுண்டு. மாணவர் பலர் இங்கே மனந்தளர்வர். காரணம் எளிது. ஒரே தெருவிலுள்ள கருவிகள் ஒன்றையொன்று அடைய, கருவியிலேயே பதிந்துள்ள வேறோர் எண்ணையும் அறியவேண்டும். ஆகவே, ‘இம்முகவரிக்கு உரியவர் யார்?’ என்று முதலில் தெரு முழுவதும் கேட்கின்றன. தண்டோரா இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது! அவ்விடை வருவதற்குள் முதற்பொதியின் நேரம் கடந்துவிடுகிறது. பின்வருவன தடையின்றிச் செல்லும்.

பாவனை மென்பொருளின் சிறப்பு இதனைக் கண்ணால் காட்டுவதே. பொதிகள் சிறு உறைகளாகத் திரையில் தோன்றி, ஒவ்வோர் அடியாக நகரும். விரும்பிய இடத்தில் நிறுத்தி, உறையைத் திறந்து, உள்ளிருப்பதைப் படிக்கலாம். உண்மைக் கம்பியில் கண்ணிமைக்கும் முன் நிகழ்ந்து முடிவதை இங்கே நின்று நிதானித்துப் பார்க்கிறோம்.

இன்னொரு பயன், வேண்டுமென்றே கெடுத்துப் பார்க்கலாம் என்பது. பெங்களூர்க் கணினியில் ரௌட்டரின் முகவரியை மட்டும் அழித்துவிடுங்கள். பூதிகோட்டையிலிருந்து புறப்பட்ட உறை பெங்களூரைச் சரியாகவே அடையும். ஆனால், திரும்பும் வழி அறியாது விடை அங்கேயே மடியும். அனுப்பியவருக்கோ ‘நேரம் கடந்தது’ என்ற சொல் மட்டுமே தெரியும். குற்றம் போகும் வழியிலா, வரும் வழியிலா என்று பிரித்தறியும் பழக்கமே இத்தொழிலின் உயிர்நாடி. அதனைப் பிறர் பொருளுக்குச் சேதமின்றி நூறு முறை பழகலாம்.

எனினும், பாவனை பாவனையே. கம்பியின் முனையைச் சீவி இணைப்பான் பொருத்தும் கைப்பழக்கத்தைத் திரை தராது. கருவி சூடேறி நிற்பது, எலி கம்பியைக் கடிப்பது, நள்ளிரவில் மின்சாரம் போவது ஆகியவற்றையும் அது காட்டாது. உண்மைக் கருவியின் கட்டளைகள் அனைத்தும் அதில் இடம்பெறுவதும் இல்லை. ஆகவே, திரையில் தேர்ந்தவர் வாய்ப்புக் கிடைத்தவிடத்துப் பழைய கருவியொன்றையேனும் தொட்டுப் பழகுதல் வேண்டும்.

பிறமாநிலங்களில் வாழும் தமிழ்ப் பெற்றோர்க்கு ஒரு சொல். மென்பொருளின் கட்டளைகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. அவை சில நூறு சொற்களே. அவற்றின் பின்னுள்ள கருத்துகளோ முகவரி, தெரு, சந்திப்பு, வாயில் என நாம் அன்றாடம் அறிந்தவை. அவற்றை வீட்டு மொழியில் விளங்கிக்கொண்ட பிள்ளைக்கு ஆங்கிலச் சொற்கள் அச்சம் தரமாட்டா. மாலையில் ஒரு மணி நேரமும் ஒரு சாதாரணக் கணினியும் இருப்பின், இப்பயிற்சியை இன்றே தொடங்கலாம்.