உயர்ரகப் பேரங்காடியும் நடுத்தரக் குடும்பத்தின் மளிகைச் செலவும்

மாத வருமானத்தில் குடும்பம் நடத்தும் நகர மக்கள் உணவுப் பொருள்களை எங்கே வாங்குவது என்று முடிவு செய்ய வேண்டிய நிலை இன்று ஏற்பட்டுள்ளது. ஒரு தலைமுறைக்கு முன்பு இக்கேள்விக்கு இடமே இருக்கவில்லை. மளிகைக் கடை ஒன்று, காய்கறிச் சந்தை ஒன்று, நியாய விலைக் கடை ஒன்று என்ற அளவில் தேர்வு முடிந்துவிடும். இன்றோ குளிரூட்டப்பட்ட பேரங்காடிகள் நடுத்தர நகரங்களிலும் பரவிவிட்டன. அவற்றிலும் உயர்ரகப் பொருள்களுக்கென்றே தனி அடுக்குகள் உள்ளன. கழுவித் துடைத்த கீரை, இறக்குமதிப் பழம், இயற்கை வேளாண்மைப் பருப்பு, செக்கில் ஆட்டிய எண்ணெய் முதலியவை அங்கே வரிசையாக வைக்கப்பட்டிருக்கின்றன. இவற்றுக்குக் கொடுக்கப்படும் கூடுதல் விலைக்கு ஈடான பயன் குடும்பத்துக்குக் கிட்டுகிறதா என்பது ஆராயத்தக்கது.

இதற்கு ஏற்ற இடம் மைசூரு நகரின் தேவராஜ மொஹல்லா. பழைய வணிகமும் புதிய வணிகமும் அங்கே நடந்து செல்லும் தொலைவில் அமைந்துள்ளன. ஒரு புறம் சயாஜி ராவ் சாலையை ஒட்டி, ‘சிக்க கடியார’ எனப்படும் சிறிய மணிக்கூண்டிலிருந்து தன்வந்திரி சாலை வரை நீண்டு கிடக்கிறது தேவராஜ மார்க்கெட். பத்தொன்பதாம் நூற்றாண்டில் உடையார் மன்னர் காலத்தில் உருப்பெற்ற இச்சந்தையில் காய்கறி, பழம், பூ, வெற்றிலை, குங்குமம், வெல்லம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சந்து உண்டு. மறுபுறம் தேவராஜ அரசு சாலையும் அதைச் சார்ந்த தெருக்களும் கண்ணாடிக் கதவுக் கடைகளால் நிறைந்துள்ளன. ஒரே குடும்பம் ஒரே மாலையில் இரண்டு இடங்களிலும் விலை கேட்டுவர முடியும். இந்த வசதி பல நகரங்களில் இல்லை.

விலையைக் குறைக்க வந்த அங்காடி

நம் நாட்டில் பேரங்காடி என்ற அமைப்பு பரவியதன் நோக்கம் உயர்ரகப் பொருள்களை விற்பதன்று. 1904-இல் சென்னையில் தொடங்கப்பட்ட திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம், நுகர்வோரே கூடித் தமக்கென்று நடத்திக்கொண்ட கடைதான். 1966-இல் ரூபாயின் மதிப்புக் குறைக்கப்பட்டு விலைவாசி உயர்ந்தபோது, அதைத் தடுக்கும் கருவியாகத் தில்லியில் ‘சூப்பர் பஜார்’ திறக்கப்பட்டது. கர்நாடகத்தில் ஜனதா பஜார்களும், தமிழ்நாட்டில் ‘சிந்தாமணி’ கூட்டுறவு அங்காடிகளும் அவ்வழியில் வந்தவையே. பெங்களூரில் 1959-இல் திராட்சை வளர்ப்போரின் கூட்டுறவாகத் தோன்றிய அமைப்பு, பிற்காலத்தில் ‘ஹாப்காம்ஸ்’ என்ற பெயரில் பழமும் காய்கறியும் விற்கும் கடைகளாக வளர்ந்தது. சரியான எடை, ஒரே விலை, இடைத்தரகர் நீக்கம் ஆகிய மூன்றுமே இவற்றின் குறிக்கோள்களாக இருந்தன.

தனியார் பேரங்காடிகள் 1990-களின் பிற்பகுதியில் பெருகத் தொடங்கின. அவற்றுள் பல மலிவு விலையையே முன்வைத்தன. உயர்ரக அங்காடி என்பது அதற்கும் பின்னர், கையில் சற்று மிச்சம் வைத்திருக்கும் குடும்பங்களை நோக்கி எழுந்ததாகும். விலையைக் குறைக்கப் பிறந்த அமைப்பு, விலையையே சிறப்பின் அடையாளமாகக் காட்டும் நிலைக்கு வந்திருப்பது கவனிக்கத்தக்கது.

செலவு எங்கே போகிறது?

அரிசிக்கும் பருப்புக்கும் அதிக விலை கொடுப்பதால்தான் பேரங்காடிச் செலவு கூடுகிறது என்ற எண்ணம் பொதுவாக நிலவுகிறது. புள்ளிவிவரங்கள் அதற்கு இடம் தரவில்லை. 2023-24-இல் மத்திய அரசு நடத்திய குடும்ப நுகர்வுச் செலவு ஆய்வின்படி, நகர்ப்புறத்தில் ஒருவரின் சராசரி மாதச் செலவு 6,996 ரூபாய். இதில் உணவுக்குச் செல்வது ஏறத்தாழ 40 சதவீதம். நால்வர் கொண்ட குடும்பத்துக்கு இக்கணக்கைப் பொருத்தினால், மொத்தச் செலவு 28,000 ரூபாயை ஒட்டியும் உணவுச் செலவு 11,000 ரூபாய்க்குச் சற்று மேலாகவும் அமையும். இது நாடு முழுவதற்குமான நகர்ப்புறச் சராசரியே. எனினும் வழிகாட்டியாகக் கொள்ளத் தடையில்லை.

இந்த 11,000 ரூபாயின் உட்பிரிவுகள்தாம் முக்கியமானவை. அரிசி, கோதுமை முதலிய தானியங்களுக்கு மொத்தச் செலவில் நான்கு சதவீதத்தை ஒட்டிய பங்கே செல்கிறது. அதாவது ஆயிரம் ரூபாய் அளவு. பானங்கள், சிற்றுண்டிகள், பதப்படுத்தப்பட்ட உணவுகள் என்ற ஒரு தலைப்பிலோ 11 சதவீதம், அதாவது 3,000 ரூபாய்க்கு மேல் செலவாகிறது. வெளியில் வாங்கி உண்ணும் சமைத்த உணவும் இத்தலைப்பில் அடங்கும் என்பதை மறக்கலாகாது. ஆயினும் உணவுப் பிரிவில் மிகப் பெரிய பங்கு இதற்கே.

ஆகவே உயர்ரகக் கடையில் அரிசிக்கு 20 சதவீதம் அதிகம் கொடுத்தாலும் மாதம் 200 ரூபாய்தான் கூடும். அரிசி வாங்கச் சென்ற இடத்தில், பட்டியலில் இல்லாத பிஸ்கட்டும் பழச்சாறும் நொறுக்குத் தீனியும் கூடையில் ஏறுவதுதான் குடும்பக் கணக்கை நிலைகுலையச் செய்கிறது. அங்காடியின் அமைப்பே இதற்கு உதவுகிறது. அன்றாடம் தேவைப்படும் பொருள்கள் பெரும்பாலும் உட்புறத்தில் இருக்கும். அவற்றை அடையும் வழியில், கண்ணுக்கு நேரான உயரத்தில், லாபம் அதிகமுள்ள பொருள்கள் இருக்கும். பணம் செலுத்தக் காத்திருக்கும் இடத்தில், குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில், சாக்லேட் இருக்கும். சந்தையில் வாங்குபவர் ஒவ்வொரு பொருளையும் கேட்டுத்தான் பெற வேண்டும். கேட்க வேண்டியிருப்பதே ஒரு கட்டுப்பாடு.

வரியும் முன்போல் இவ்விஷயத்தில் தடையாக இல்லை. 2022 ஜூலை 18 முதல், உறையிட்டுப் பெயர்ச்சீட்டு ஒட்டிய அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றுக்கு, 25 கிலோவுக்கு மேற்படாத பொட்டலமானால், 5 சதவீத சரக்கு-சேவை வரி உண்டு. சாக்கிலிருந்து நிறுத்துக் கொடுக்கும் பொருளுக்கு இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் பிஸ்கட், நூடுல்ஸ், உப்பிட்ட தின்பண்டங்கள் போன்றவற்றின் வரியும் 12, 18 சதவீதங்களிலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பொட்டலத் துவரம்பருப்பும் பிஸ்கட்டும் இப்போது ஒரே வரியைத் தாங்குகின்றன.

கூடுதல் விலைக்கு ஈடு உள்ளவையும் இல்லாதவையும்

எல்லாப் பொருள்களையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது பொருந்தாது. மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், சமையல் எண்ணெய் ஆகியவற்றைப் பொறுத்தவரை உறையிட்ட பொருளுக்கே முதலிடம் தர வேண்டும். பொடியாக்கிய மசாலாப் பொருள்களை உறையிடாமல் விற்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்கின்றன. மஞ்சள் தூளில் நிறத்துக்காக ஈயக் குரோமேட் கலக்கும் கொடுமை நாடறிந்தது. ‘அக்மார்க்’ முத்திரை 1937-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து இருந்து வருகிறது. இத்துடன் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண்ணும் உறையில் இருக்க வேண்டும். ஆனால் இவை சாதாரண விலைப் பொட்டலத்திலும் உண்டு என்பதே கருதத்தக்கது. பாதுகாப்புக்குத் தர வேண்டிய விலை அவ்வளவே. அதற்கு மேல் தருவது உறையின் அழகுக்கு. விரலி மஞ்சளையும் வற்றல் மிளகாயையும் சந்தையில் வாங்கி வெயிலில் காயவைத்து அரைவை மில்லில் கொடுத்து வாங்கும் குடும்பங்களுக்கு அந்தச் செலவும் குறையும்.

காய்கறி, பழம், கீரை, தேங்காய் ஆகியவற்றில் சந்தைக்கு ஈடு வேறில்லை. நஞ்சன்கூடு ரசபாளே வாழையும் மைசூரு வெற்றிலையும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்கள். இவை தொலைதூரத்திலிருந்து வர வேண்டியதில்லை. இருட்டும் நேரத்தில் மீதச் சரக்கின் விலை இறங்குவதும், கொசுறாகக் கறிவேப்பிலை கிடைப்பதும் பேரங்காடியில் நிகழாதவை. இதற்கு எதிராகக் கழிவையும் கணக்கில் கொள்ள வேண்டும். எடுத்துக்காட்டாக, கிலோ 40 ரூபாய்க்கு வாங்கிய காயில் 200 கிராம் கழிந்தால், பயன்படும் காயின் விலை கிலோ 50 ரூபாய் ஆகிறது. நறுக்கிய காய் கால் கிலோ 35 ரூபாய் என்றால், கிலோ 140 ரூபாய். இடையிலுள்ள 90 ரூபாய் நேரத்துக்கும் உழைப்புக்கும் கொடுக்கும் கூலி. கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் வீட்டிலோ, கைநடுக்கமுள்ள முதியவர் தனித்து வாழும் வீட்டிலோ அந்தக் கூலி வீண் என்று சொல்வதற்கில்லை. மற்றவர்களுக்கு அது மிகையே.

பாலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘நந்தினி’ பால் உறையில் அச்சிட்ட விலைக்கே எங்கும் கிடைக்கிறது.

உயர்ரக அடுக்கின் உண்மையான வணிகம் ‘ஆரோக்கிய’ப் பொருள்களில்தான் நடைபெறுகிறது. இங்கேதான் குடும்பம் ஏமாறும் வாய்ப்பு மிகுதி. கிவிப் பழத்தில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 90 மில்லிகிராம் வைட்டமின் ‘சி’ உண்டு. சந்தை வாசலில் குவித்திருக்கும் கொய்யாவில் அது 200 மில்லிகிராமுக்கு மேல். மைசூருப் பகுதியின் பழம்பெரும் உணவான கேழ்வரகில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ளது. அரிசியில் அது மிகச் சொற்பம். ராகி முத்தையை ஒதுக்கிவிட்டு, வெளிநாட்டுத் தானியத்தைப் பன்மடங்கு விலைக்கு வாங்குவதற்கு ஊட்டச்சத்துக் கணக்கில் ஆதாரம் தேடுவது கடினம்.

இளஞ்சிவப்புக் கல் உப்பு மற்றோர் எடுத்துக்காட்டு. அயோடின் பற்றாக்குறையால் வரும் கழுத்துக்கழலை முதலிய குறைகளைத் தடுப்பதற்காகவே, மக்கள் நேரடியாக உண்ணும் உப்பில் அயோடின் சேர்ப்பது 2006 முதல் மீண்டும் நாடெங்கும் கட்டாயமாக்கப்பட்டது. கடைக்காரரின் கைக்கு வரும் நிலையில் பத்து லட்சத்தில் 15 பங்காவது அயோடின் இருக்க வேண்டும். அழகிய சீசாவில் வரும் கல் உப்பு வகைகளில் பல இவ்வாறு செறிவூட்டப்படுவதில்லை. சாதாரண அயோடின் உப்பைப் போலப் பல மடங்கு விலை கொடுத்து, கர்ப்பிணிக்கும் குழந்தைக்கும் இன்றியமையாத சத்தை இழப்பது எவ்வகையிலும் சிக்கனமாகாது. சீசாவில் அயோடின் பற்றிய குறிப்பு உண்டா என்று பார்ப்பது நல்லது.

இயற்கை வேளாண்மைப் பொருள்கள் சற்று வேறானவை. அவற்றின் சாகுபடியில் ஆள் கூலி அதிகம், விளைச்சல் பெரும்பாலும் குறைவு. எனவே விலை கூடுவதில் நியாயம் உண்டு. ஆயினும் ‘இயற்கை’ என்ற சொல் மட்டும் சான்றாகாது. ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இருக்கிறதா என்று பார்த்த பின்னரே கூடுதல் விலை தர வேண்டும்.

கிராமும் கிலோவும்

விலையை ஒப்பிட நுகர்வோருக்குச் சட்டம் ஒரு கருவியைத் தந்திருக்கிறது. பொட்டலப் பொருள்களில் அதிகபட்ச விலையுடன், ஓர் அலகுக்கு என்ன விலை என்பதையும் அச்சிட வேண்டும் என்று சட்டமுறை எடையளவு விதிகள் 2021-இல் திருத்தப்பட்டன. அதே திருத்தம், குறிப்பிட்ட பொருள்களைக் குறிப்பிட்ட அளவுகளிலேயே உறையிட வேண்டும் என்ற பழைய கட்டாயத்தை நீக்கிவிட்டது. அரைக் கிலோவாக இருந்த பொட்டலம் 450 கிராமாகவும், ஒரு கிலோ 900 கிராமாகவும் சுருங்கினால், விலை மாறாததுபோல் தோன்றும். அலகு விலையைப் படிக்கும் பழக்கம் இல்லாதவருக்கு இழப்பு தெரியாது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலத்தில் கிராமுக்கும், மேற்பட்டதில் கிலோவுக்கும் அலகு விலை அச்சிடப்படுகிறது. சிறிய பொட்டலத்தில் 0.21 ரூபாய் என்றும் பெரிய பொட்டலத்தில் 180 ரூபாய் என்றும் இருந்தால், எது மலிவு என்று பார்த்தவுடன் சொல்பவர் சிலரே. 0.21-ஐ ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ 210 ரூபாய். பள்ளிக்கூடத்தில் படிக்கும் பிள்ளையிடம் இக்கணக்கை ஒப்படைப்பது பெற்றோருக்கு உதவி, பிள்ளைக்குப் பயிற்சி. ‘அச்சிட்ட விலையில் இவ்வளவு தள்ளுபடி’ என்ற அறிவிப்பையும் இதே முறையில்தான் மதிப்பிட வேண்டும். அச்சிட்ட விலை உற்பத்தியாளர் வைத்த மேல்வரம்பு மட்டுமே. அது பொருளின் மதிப்பாகாது.

சந்தையில் இத்தகைய அச்சு ஏதும் இல்லை. அங்கே தராசின் முத்திரையைப் பார்க்க வேண்டும். நான்கு கடைகளில் விலை கேட்க வேண்டும். குறை நேர்ந்தால் ரசீது இல்லாத நிலையில் நுகர்வோர் ஆணையத்தை அணுகுவது எளிதன்று. பேரங்காடியின் ரசீதுக்கு இவ்வகையில் ஒரு மதிப்பு உண்டு என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மாதக் கடைசியில் கடன் குறித்துக்கொள்ளும் தெருமுனை மளிகைக் கடையின் கணக்கு நோட்டுக்கோ வேறு வகையான மதிப்பு. சம்பளம் தாமதமாகும் வீடு அதை நன்கு அறியும்.

தேவராஜ மொஹல்லாவில் இந்த ஒப்பீடு இனியும் இயலுமா என்பது சந்தைக் கட்டடத்தின் நிலையைப் பொறுத்தது. அருகிலுள்ள லான்ஸ்டவுன் கட்டடத்தின் ஒரு பகுதி 2012-இல் இடிந்து நால்வர் உயிரிழந்தனர். 2016 ஆகஸ்டில் தேவராஜ மார்க்கெட்டின் வடபுறப் பகுதியும் சரிந்தது. இடித்துப் புதிதாகக் கட்டுவதா, பழமை கெடாமல் செப்பனிடுவதா என்ற வாதம் நீதிமன்றம் வரை சென்றது. மரபுச் சின்னம் என்ற கோணத்திலும் வியாபாரிகளின் பிழைப்பு என்ற கோணத்திலும் அது பெரிதும் விவாதிக்கப்பட்டுள்ளது. வாங்குவோரின் கோணம் அவ்வளவாகப் பேசப்படவில்லை. திறந்த சந்தையில் கத்தரிக்காய் என்ன விலை என்று தெரிந்திருப்பதால்தான், கண்ணாடிக் கதவுக்குள் அதற்கு எவ்வளவு கேட்கலாம் என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது. புதிய கட்டடமாயினும் பழைய கட்டடமாயினும், கீரைக்காரர் தாங்கக்கூடிய வாடகையில் அங்கே இடம் கிடைக்கிறதா என்பதை மாநகராட்சி முடிவு செய்யும்போது, எதிர்ச்சாலைப் பேரங்காடியின் விலைச்சீட்டும் ஓரளவு முடிவாகிவிடுகிறது.