பழைய நான்கு சக்கர இழுவை ஜீப் வாங்குமுன் பார்க்கவேண்டியவை

கீழ்ப்பழனி, சேர்வராயன், கொல்லி முதலிய மலைச்சரிவுகளில் காப்பி, மிளகு, வாழை பயிரிடும் குடியானவர்களுக்கு நான்கு சக்கரங்களும் இழுக்கக்கூடிய மோட்டார் வண்டி ஆடம்பரப் பொருளன்று. ஐப்பசி மழையில் தோட்டத்துப் பாதை சேறாகும்போது எருவை மேலேற்றுவதும், விளைபொருளைக் கீழிறக்குவதும், நோயாளியை ஆஸ்பத்திரி சேர்ப்பதும் அதனாலேயே ஆகின்றன. புது வண்டியின் விலை பலருக்கு எட்டாததாகையால் பழைய வண்டியைத் தேடுகின்றனர். ஒரு வருஷத்து மிளகுப் பணம் முழுவதையும் கொடுத்து வாங்கிய ஜீப், முதல் மழையிலேயே ஏற்றத்தில் நின்றுவிட்டால் அந்த நஷ்டத்தை ஈடுசெய்ய இரண்டு மகசூல் வேண்டியிருக்கும்.

முதலாவதாக, வண்டி உண்மையில் நான்கு சக்கர இழுவை உடையதுதானா என்பதை நிச்சயித்தல் வேண்டும். மகிந்திரா ஜீப்புகளில் ஒரே தோற்றமுள்ள வண்டிகள் இரு சக்கர இழுவையிலும் நான்கு சக்கர இழுவையிலும் விற்கப்பட்டன. உருவத்தைக் கண்டு நம்பலாகாது. குனிந்து முன் ஆக்ஸிலைப் பார்த்தால், நான்கு சக்கர இழுவை வண்டியில் அதன் ஒரு புறத்தில் பூசணிக்காய் போன்ற பருத்த பாகமும், அதிலிருந்து பின்னோக்கிச் செல்லும் சுழல் தண்டும் இருக்கும். டீசல் மிச்சமாகுமென்று இத்தண்டைக் கழற்றி வைத்துவிடும் சொந்தக்காரர்களும் உண்டு. அப்படிக் கழற்றிய தண்டைக் கேட்டு வாங்கிப் பூட்டச் செய்த பிறகே மேற்கொண்டு பேசவேண்டும்.

இழுவை வேலை செய்கிறதா என்பதை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, என்ஜினை அணைத்து, முதல் கியரிலிட்டு, பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஒரு முன் சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கவேண்டும். முன் சக்கரக் குடத்தில் பூட்டும் ஹப் இருந்தால் அதையும் பூட்டிவிடவேண்டும். நான்கு சக்கர லீவரைப் போட்டபின் தூக்கிய சக்கரத்தைக் கையால் திருப்பினால், சிறிது அசைந்து நின்றுவிடுவதே முறை. தாராளமாகச் சுழலுமாயின் டிரான்ஸ்பர் கேஸ், தண்டு, ஹப் ஆகியவற்றில் எங்கோ பழுது உண்டென்று கொள்ளலாம். அளவுக்கு மிஞ்சி ஆடி நின்றால் பற்களும் சிலுவை மூட்டுகளும் தேய்ந்துள்ளன.

பிறகு உழுத நிலத்திலோ ஆற்று மணலிலோ ஓட்டிப் பார்க்கவேண்டும். உலர்ந்த தார்ச் சாலையில் இந்த லீவரைப் போட்டு வளைக்கலாகாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைக் காட்டிலும் அதிக தூரம் ஓடவேண்டும். கெட்டித் தரையில் டயர் வழுக்கிக்கொடுக்க இடமில்லாமையால் பற்சக்கரங்கள் முறுக்குண்டு தேய்கின்றன. விற்பவரே சாலையில் அவ்விதம் ஓட்டிக் காட்டினால், இத்தனை வருஷம் அவர் வண்டியை எப்படி நடத்தினார் என்பது விளங்கிவிடும். தாழ்கியர் லீவர் பல காலம் தொடப்படாமல் இறுகிப்போவதுண்டு. அதைப் போட்டு, ஏற்றத்தில் ஏறி, இறக்கத்திலும் இறங்கிப் பார்க்கவேண்டும். பாதியில் தானாகக் கழன்றால் செலவு பெரிது. நான்கு டயர்களும் ஒரே அளவிலும் ஏறக்குறைய ஒரே தேய்மானத்திலும் இருத்தல் அவசியம்; இல்லையேல் நேர்ச்சாலையிலும் மேற்சொன்ன முறுக்கே ஏற்படும்.

ஓடையில் இறங்கிய வண்டியின் ஆக்ஸிலில் நீர் புகுந்திருக்கலாம். எண்ணெய் மூடியைத் திறந்து விரல்விட்டுப் பார்த்தால் பால்போல் வெளுத்த எண்ணெய் அதைக் காட்டிக்கொடுக்கும். விரலில் தேய்க்கையில் பளபளப்பான துகள் தென்பட்டால் அவ்வண்டியை விட்டுவிடுவதே நலம். முன் சக்கரங்களின் உட்புறத்து உருண்டைக் கூட்டில் எண்ணெயும் கிரீசும் கூழாக வழிந்தால் சீல் போய்விட்டது.

சேசிஸில் பட்டை ஸ்பிரிங் பொருத்திய இடங்களையும், ஸ்டீரிங் பெட்டி பூட்டிய இடத்தையும் கம்பித் தூரிகையால் தேய்த்து வெடிப்பு, ஒட்டு, துரு ஆகியவற்றைப் பார்க்கவேண்டும். அடிப்பாகம் முழுவதும் புதிதாகக் கறுப்பு மை பூசியிருந்தால் இன்னும் அதிகமாகத் தேய்க்கலாம். விற்கப்போகும் வண்டிக்கு அடியில் அழகு செய்ய யாரும் காரணமின்றிப் பணம் செலவிடுவதில்லை.

என்ஜினைக் காலையில், ஆறியிருக்கும்போதே கிளப்பவேண்டும். வாங்குவோர் வருமுன் சூடாக்கி வைத்திருந்தால் மறுநாள் வருவதாகச் சொல்லித் திரும்பிவிடலாம். நீலப்புகை எண்ணெய் எரிவதையும், சூடேறிய பின்னும் நிற்காத வெண்புகை பெரும்பாலும் நீர்க்கசிவையும் குறிக்கும்.

பத்திர விஷயத்தில் கிராம நிர்வாக அலுவலர்களின் உதவி பெரிதும் பயன்படும். சேசிஸ் எண்ணின்மேல் காகிதம் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுத்து, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடவேண்டும். பழைய பெட்ரோல் ஜீப்புகள் பலவற்றில் டீசல் என்ஜின் மாற்றியிருக்கும். அம்மாற்றம் புத்தகத்தில் ஏறாவிடில் பெயர் மாற்றம் தடைப்படும். சொந்த உபயோக வண்டியின் பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும். பிறகு தகுதி பார்த்து 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கப்படும். கடன் பாக்கியிருந்தால் பாங்கியின் கையொப்பமிட்ட 35-ஆம் எண் படிவம் கைக்கு வரும்வரை முழுத் தொகையைக் கொடுக்கலாகாது. பெயர் மாற்றத்துக்கு 29, 30 எண்ணுள்ள படிவங்களில் விற்பவர் கையொப்பம் வேண்டும். இன்ஷூரன்ஸை 14 நாட்களுக்குள் தம் பெயருக்கு மாற்றும்படி வாங்கியவர் எழுதவேண்டும்.

சர்க்கார் ஜீப் ஏலத்துக்கு வருமெனக் காத்திருப்போர் ஒன்றை அறிதல் வேண்டும். 1-4-2023 முதல் 15 வருஷத்துக்கு மேற்பட்ட சர்க்கார் வண்டிகளின் பதிவு, பாதுகாப்புக் காரியங்களுக்கான சில தனி வண்டிகள் நீங்கலாக, ரத்தாக்கப்பட்டது. அவை உடைப்பு நிலையங்களுக்கே செல்லவேண்டும். அத்தகைய வண்டியை மலிவாக வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்போரிடம் ஒரு ரூபாயும் கொடுக்கலாகாது.